கட்டிலுக்குக் கீழே பொங்கல்

நவம்பர் 9

இது டைரி அல்ல, வியாபாரக் குறிப்பு. என் வீட்டுக்காரர் ஆசீர் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தில் வருஷா வருஷம் அவருக்கு ஓசியில் ஒரு டைரி கொடுக்கிறார்கள். இத்தனை மாதத்தில் அவர் அதில் எழுதியது முதல் பக்கத்தில் தன் பெயரும் ரத்த வகையும்தான். வீணாகக் கிடக்கிறதே என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று எனக்கு ஆர்டர் கிடைத்தது. முருகன்குறிச்சியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற லிவிங்ஸ்டன் அண்ணாச்சியிடம் நான் செய்த காகித ஸ்டார் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் அதைத் திருப்பினார், இழுத்தார், ஜிகினா உதிர்கிறதா என்று வாயால் ஊதிக்கூடப் பார்த்தார். உதிரவில்லை. கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடுகிற சாமான்கள், வாசலில் கட்டுகிற ஸ்டார், கையால் செய்த வாழ்த்து அட்டை எல்லாம் டிசம்பர் இருபதுக்குள் வேண்டும் என்றார். கையில் ஏற்கெனவே பத்து ஆர்டர் இருப்பவளைப் போல, பார்த்துச் சொல்லுதேன் அண்ணாச்சி என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆசீரின் அம்மா, என் அத்தை, படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டேன். அதிலிருந்து, பேப்பரை வெட்டி வெட்டி வீட்டைக் குப்பையாக்குகிறாள் என்றுதான் சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். இனி அந்தக் குப்பைக்கு ஆர்டர் என்று பெயர்.

நவம்பர் 12

அத்தைக்கு மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயுசில் பாதியை அங்கே கழித்தாயிற்று, மிச்சத்தை வீட்டில் கழிக்கிறேன் என்பது அவர் வாதம். டாக்டரே வீட்டுக்கு வந்தார். இதயம் ரொம்பப் பலவீனம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஆசீரிடம், புது வருஷம் பார்த்தால் அது கர்த்தருடைய கிருபை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூத்துக்குடியிலிருந்து பியூலா அக்கா போன் செய்தாள். ஆசீரின் அண்ணன் மனைவி. நல்ல மனசு, நல்ல கை, தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஊருக்கே ஜாக்கெட் தைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். முதல் வார்த்தையே, "அப்ப இந்த வருசம் நம்ம ரெண்டு வீட்டுலயும் ஸ்டார் கிடையாதா?" என்று கேட்டாள்.

துக்க வீட்டில் ஒரு வருஷம் ஸ்டார் கட்ட மாட்டோம். பலகாரம் சுட மாட்டோம். வாழ்த்து அட்டையும் வராது. அப்படிப்பட்ட வீட்டில் செய்த ஸ்டாரை மட்டும் எவர் வாங்கி வாசலில் கட்டுவார்? அண்ணாச்சி காதுக்குப் போனால் ஆர்டர் அவ்வளவுதான்.

என் கவலை ஆர்டரைப் பற்றி மட்டும்தான். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 13

அத்தைக்கு இதயம்தான் பலவீனம், காது இல்லை. டாக்டர் வாசலில் சொன்னது, பியூலா போனில் சொன்னது, நான் அடுப்படியில் எனக்குள்ளே முனகியது என எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கஞ்சி கொடுக்கப் போனபோது டம்ளரை வாங்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சாமான் என்னைக்குக் குடுக்கணும்?"

இருபதாம் தேதி என்றேன்.

"சரி. ஆர்டர் முடியிற வரைக்கும் நான் போவ மாட்டேன். நீ மூஞ்சியத் தொங்கப் போடாம வேலையப் பாரு."

மாமியார் மருமகளுக்கு நகை கொடுப்பார்கள், நட்டு கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது இந்த வாக்கு. எந்தக் கடையில் போய் இதை எடைபோட்டுப் பார்ப்பது என்று தெரியவில்லை. தாங்க்ஸ் அத்தை என்றேன். வேறென்ன சொல்வது?

நவம்பர் 21

வேலையை அத்தை அறைக்கு மாற்றிவிட்டேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கட்டிலைச் சுற்றிலும் கலர் சார்ட் பேப்பர், சாட்டின் ரிப்பன், ஃபெவிகால், சம்கி. கிறிஸ்மஸ் தாத்தாவின் தாடிக்குப் பஞ்சு தீர்ந்துபோனதால் அத்தையின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப்போட வைத்திருந்த சுருளிலிருந்து கொஞ்சம் எடுத்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவர், "அவருக்கும் படுக்கைப் புண்ணா?" என்று கேட்டார்.

ஆசீர் சாயங்காலம் வந்து அறை வாசலிலேயே நின்றுகொண்டார், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல். சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். மூன்று தேவதூதர்களுக்கு இறகு ஒட்டி முடித்ததும் இருக்கும் என்றேன். தானே போய் தோசை வார்த்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கருகல். அத்தை குறை சொல்லாமல் தின்றார். நான் வார்த்திருந்தால் ஒரு பிரசங்கமே நடந்திருக்கும்.

நவம்பர் 26

டாக்டர் மறுபடி வந்தார். ஸ்டெதஸ்கோப்பை அத்தையின் நெஞ்சில் வைத்து எடுத்தால் அதன் வட்டத்தில் ஜிகினா. அவர் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் ஜிகினா. அது தோலில் ஒட்டினால் சீக்கிரம் போகாது, சோப்புக்கும் மசியாது. நோயாளி அறையில் இதெல்லாம் கூடாது, தூசி ஆகாது என்று என்னைக் கண்டித்தார். நியாயம்தான். மூட்டை கட்டத் தொடங்கினேன்.

அத்தை அவரைப் பார்த்து, தம்பி, தூசியால் சாகிற வயசை நான் தாண்டி ரொம்ப நாள் ஆயிற்று என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். மூட்டையைப் பிரித்தேன்.

நவம்பர் 30

வேலை நடக்கவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 2

பரவாயில்லை. கஞ்சி குடித்தார். உப்பு பத்தவில்லை என்று திட்டினார். ஸ்தோத்திரம்.

டிசம்பர் 8

அட்டைகளில் வரைகிற வேலை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று சாஸ்திரிகள், மூன்று ஒட்டகம். அத்தைக்குத் தலையணையை உயர்த்தி வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒட்டகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது நம் சபை ஐயா போல இருக்கிறது என்றார். பார்த்தேன். கழுத்தும் கண்ணும் அவரேதான். ஆண்டவர் மன்னிப்பாராக, இனி அந்த மனிதர் பிரசங்கத்துக்கு ஏறினால் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

உள்ளே எழுத வசனம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அத்தையின் இலாகா. சின்னச் சின்ன வசனமாகப் பார்த்துச் சொல்கிறார். ஏன் என்றால், எழுதும்போது என் கை வலிக்குமாம். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஆசீரிடம் சொன்னதைக் கேட்டேன். இந்த வீட்டில் எனக்கும் காது உண்டு.

டிசம்பர் 14

கேரல் ரவுண்ட்ஸ் வந்தார்கள். வயசுப் பிள்ளைகள், ஒரு டிரம், தாடி வைத்த தாத்தா ஒருவர். அத்தை அறை ஜன்னலுக்குக் கீழே நின்று பாடினார்கள். அவர்கள் போனதும் அந்தத் தாத்தாவின் தாடி கோணல், நம் தாடிதான் நேர்த்தி என்றார் அத்தை. "நம்" என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன். கூட்டு வியாபாரம் என்று நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

டிசம்பர் 20

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். நான் நிற்கும்போதே ஒரு அம்மா வந்து ஒரு ஸ்டாரை எடுத்தாள். என் ஸ்டார். கடைக்கு வெளியே நின்று அவள் ஸ்கூட்டியில் அதை எப்படி வைத்துக்கொண்டு போகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அப்புறம் அண்ணாச்சியிடம் பொங்கல் வாழ்த்து அட்டை பற்றிக் கேட்டேன். அதெல்லாம் இப்போது எவரும் வாங்குவதில்லையாம். போனிலேயே கரும்பும் பானையும் அனுப்பிவிடுகிறார்களாம்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, கொடுத்தாயிற்று அத்தை என்றேன்.

"முடிஞ்சிட்டா?" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கையைக் கோத்து வயிற்றின்மேல் வைத்துக் கண்ணை மூடினார்.

அந்தக் கை கோத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வாசலில் ஆட்டோக்காரர் நிற்கிறார், நான் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கி, இல்லை அத்தை, முடியவில்லை, பொங்கலுக்கும் ஆர்டர் வந்திருக்கிறது, பெரிய ஆர்டர் என்கிறேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"பொங்கலுக்கா? சரி, அப்ப பாப்போம்."

அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் வியாபாரம் செய்கிறவள் கொஞ்சம் முன்யோசனையோடு இருக்க வேண்டாமா?

டிசம்பர் 25

வாசலில் ஸ்டார் கட்டினோம். அத்தை அதைப் பார்க்க வேண்டும் என்றதால் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ஆசீர் சுவிட்சைப் போட்டதும் சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அச்சு முறுக்கில் ஒரு துண்டை டீயில் நனைத்துத் தின்றார். ஊரிலிருந்து வந்த அட்டைகளை எல்லாம் தடவிப் பார்த்து, எல்லாம் மிஷின் வேலை என்று ஒதுக்கி வைத்தார்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். வியாபார விஷயம் அல்ல, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜனவரி 3

புது டைரி. ஆசீர் தானே கொண்டுவந்து என் பெயரை எழுதிக் கொடுத்தார். ரத்த வகையையும் எழுதியிருக்கிறார்.

டாக்டர் சொன்ன புது வருஷம் வந்துவிட்டது. பொங்கல் அட்டை வேலை மும்முரம். சணல் கயிற்றைச் சுற்றிப் பானை, பச்சைத் தாளைச் சுருட்டிக் கரும்பு, மஞ்சள் சார்ட்டில் சூரியன், ஓரத்தில் ஒரு மாடு. ஒட்டகத்துக்கு மாடு தேவலை. எந்தச் சபையிலும் அதன் சாயலில் ஐயா இல்லை.

ஜனவரி 12

பொங்கல் ஆர்டர் டெலிவரி ஆயிற்று.

பரணில் இடம் இல்லை. அலமாரிக்கு மேலும் இடம் இல்லை. அத்தை தூங்கும்போது பெட்டிகளை மெதுவாக அவர் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். படுத்திருப்பவர் குனிந்தா பார்க்கப்போகிறார்?

ஜனவரி 19

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து குடியரசு தினத்துக்குச் சட்டையில் குத்துகிற கொடி கேட்டிருக்கிறார்கள். அத்தையிடம் அப்படித்தான் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். யோசித்துவைக்காததால் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அதை மூடி வருஷக்கணக்காகிறது.

ஆசீர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்குக் கொடி செய்கிறாய் என்றார். இது வியாபாரம், உங்களுக்குப் புரியாது என்றேன். அவர் உட்கார்ந்து குண்டூசி குத்திக் கொடுத்தார்.

பிப்ரவரி 6

அடுத்து காதலர் தினம். வெல்வெட் பேப்பரில் சிவப்பு இதயம். எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற இதயம் இப்போது இவைதான். அத்தைக்குக் காலில் வீக்கம் வந்திருக்கிறது.

இது யாருக்கு என்று கேட்டார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்றேன். கல்லூரிப் பிள்ளைகள் உன்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றார். விளம்பரம் என்றேன். அத்தை சிரிக்க ஆரம்பித்து, அது இருமலில் போய் நின்று, நான் முதுகைத் தடவிக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாம் அடங்கிய பிறகும் கண்ணோரத்தில் சிரிப்பு இருந்தது.

ஒன்று எழுத வேண்டும். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளை இல்லை. கோயில் வாசலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் என்று கேட்காத ஆள் இல்லை. அத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு ஏன் குறைந்தது, சேலை ஏன் வெளுத்தது, தபால்காரர் ஏன் தாமதம் என்று உலகத்தில் உள்ள அத்தனையையும் என்னிடம் கேட்டிருக்கிறார். இதை மட்டும் கேட்டதில்லை. பியூலா ஒருமுறை ஆரம்பித்தபோது, போய் அடுப்பைப் பாரு என்று அவளை அனுப்பிவிட்டார். அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 24

இன்று மாட்டிக்கொண்டேன்.

வீடு பெருக்கும்போது, ஈஸ்டருக்கு அட்டை ஆர்டர் வந்திருக்கிறது அத்தை, முயல் வேண்டாம், லீலிப்பூ போடலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். விளக்குமாறு கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இடித்தது.

"பாத்து. அங்கன ஒரு ஊரே பொங்கல் கொண்டாடிட்டு இருக்கு."

நான் குனிந்தபடியே இருந்தேன்.

"கொடியும் ஏத்திட்டாவ. காதலும் பண்ணுதாவ. படுத்துக் கெடக்கறவளுக்குப் பெட்டி தள்ளுற சத்தம்கூடவா கேக்காது எப்சி?"

அத்தை கையை நீட்டி என் தலையில் ஒட்டியிருந்த எதையோ எடுத்தார். ஜிகினாவாக இருக்கும்.

"எனக்கு ஒரு ஆர்டர் இருக்கு. இது நெச ஆர்டர். செய்வியா?"

பெட்டிக்குப் பூ. சவப்பெட்டியின் மூடியைச் சுற்றிலும் கிரேப் பேப்பரில் வெள்ளை ரோஜா, நடுவில் அதே பூவில் ஒரு சிலுவை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாலை வேண்டாமாம். ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாம், வெயிலில் அதிலிருந்து ஒரு வாடை வருமாம். சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, தையல்காரரிடம் ஜாக்கெட் அளவு சொல்வது மாதிரி சொன்னார்.

"எப்ப வேணும்?" என்று கேட்டேன். பழக்கதோஷம். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவசரமில்ல மக்கா. மெதுவா செய்யி."

மார்ச் 1

வெள்ளைக் கிரேப் பேப்பர் வாங்கினேன். நல்ல வெள்ளையாக இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 4

வேறு வெள்ளை வாங்கினேன். இது ரொம்ப வெள்ளை. மதுரையில் நல்ல சரக்கு கிடைக்கும் என்கிறார்கள். அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வர நாளாகும்.

மார்ச் 9

வேலை தொடங்கியது. இதழை வெட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டு, கம்பியில் சுற்றி, அடியில் பச்சை டேப் போட வேண்டும். காலையில் கொஞ்சம் பூ செய்தேன். மத்தியானம் பார்த்தால் இதழ் மடிப்பு சரியில்லை. பிரித்துவிட்டேன். தரம் முக்கியம்.

மார்ச் 13

பூ செய்தேன். சரியாக வரவில்லை. பிரித்தேன்.

மார்ச் 16

ஆசீர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் இருந்த பூவைக் காட்டி, இது நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உங்களுக்கு இதில் என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆமாம், இது கொஞ்சம் கோணல், பிரித்துவிடு என்றார்.

அத்தை தினமும் கேட்கிறார், எவ்வளவு ஆயிற்று என்று. பாதி என்கிறேன். நேற்றும் பாதி, போன வாரமும் பாதி. உன் பாதி பெரிய பாதி என்கிறார்.

சாப்பாடு குறைந்துவிட்டது. திட்டுவதும் குறைந்துவிட்டது. உப்பே போடாமல் ஒரு நாள் கஞ்சி கொடுத்துப் பார்த்தேன். பேசாமல் குடித்தார்.

மார்ச் 23

பியூலா அக்கா இரண்டு நாள் இருக்க வந்திருக்கிறாள். அத்தையைத் தூக்கி உட்காரவைத்து, தலை வாரி, படுக்கை விரிப்பு மாற்றி, நான் ஒரு வாரத்தில் செய்வதை ஒரு காலைப் பொழுதில் செய்துவிட்டாள். அத்தைக்கும் அவளைப் பார்த்ததில் சந்தோஷம். எனக்குப் பொறாமை இல்லை.

மார்ச் 24

காலையில் மருந்து வாங்க ஜங்ஷனுக்குப் போனேன். கடையில் கூட்டம், மருந்து ஒன்று இல்லை, வேறு கடை தேடி அலைந்து மத்தியானம்தான் திரும்பினேன்.

அறைக்குள் போனால் கட்டில்மேல் எல்லாம் வெள்ளை. பியூலா பூக்களை முடித்துவிட்டாள். எல்லாப் பூக்களையும். சுற்று பார்டர், சிலுவை, பச்சை டேப், எல்லாம். அத்தையின் போர்வைமேல் பரப்பி அளவு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம் எப்சி, ஒத்தையில கெடந்து எவ்வளவுதான் செய்வ? ஒனக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னு ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்."

முகமெல்லாம் வியர்வை. விரல் நுனியில் கம்பி குத்திய காயம். அவ்வளவு ஆசையாக என்னைப் பார்த்தாள். அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. தாங்க்ஸ் அக்கா என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? செய்தவள் நல்லது செய்திருக்கிறாள், அதில் வேலைப்பாடும் ஒரு பிசகில்லாமல் இருக்கிறது.

அத்தை ஒரு ரோஜாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிஞ்சிட்டா என்று கேட்கவில்லை.

மார்ச் 25

பியூலாவை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் முதல் வேலையாக பார்டரிலிருந்து ஒரு பூவைப் பிடுங்கிப் பிரித்தேன். அத்தையிடம் போய், ஒரு பூ குறைகிறது, பியூலா அக்கா கணக்கில் விட்டுவிட்டாள், அதைச் செய்து முடிக்க நாளாகும் என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"ஒரு பூ குறைஞ்சா பெட்டி மூடாதாட்டி?"

அழுதுவிட்டேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, பரவாயில்லை. போகாதீங்க அத்தை என்றேன். ஆர்டருக்காகவா என்று கேட்டார். இல்லை என்றேன். தெரியும் என்றார்.

"நீ நல்ல வேலைக்காரி எப்சி. முதலாளியம்மாதான் தளந்துட்டா."

மார்ச் 27

ஆர்டர் டெலிவரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 2

அடக்கத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும்.

அறையில் பெட்டி வைக்க இடம் வேண்டும் என்று அத்தையின் கட்டிலை வெளியே தூக்கினார்கள். நான் அந்த நினைப்பிலேயே இல்லை. கட்டில் நகர்ந்ததும் கீழே இருந்த பெட்டிகள் சாய்ந்து திறந்துகொண்டன. பானையும் கரும்பும் சிவப்பு இதயங்களும் கொடிகளும் தரை முழுக்கச் சரிந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் காலடியில் கிடந்த அட்டையில் என் கையெழுத்தில் "பொங்கலோ பொங்கல்" என்று இருந்தது. சபை ஐயா வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நீண்ட கழுத்து. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இதெல்லாம் யாருடைய ஆர்டர் என்று பியூலா மெதுவாகக் கேட்டாள். தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஆசீர் தலையைத் தூக்காமலே, "அம்மாவோடது" என்றார்.

எல்லோரும் பூவைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள், நிஜ ரோஜா போல இருக்கிறது என்று. எல்லாம் எப்சி செய்தது என்று பியூலா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். ஒன்றைக்கூடத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவளை நிம்மதியாக வெறுக்கக்கூட முடியாது. பார்டரில் ஒரு பூ அளவுக்கு இடைவெளி இருந்ததை எவரும் கவனிக்கவில்லை.

மூடுவதற்கு முன் ஒரு அம்மா, நெற்றியில் ஏதோ மினுங்குகிறது என்று முந்தானையால் துடைக்கப் போனாள். விடுங்க, அது போகாது என்றேன்.

அக்டோபர் 18

ரொம்ப நாள் எழுதவில்லை. வியாபாரம் இல்லை.

ஆசீரின் சட்டைக்குப் பட்டன் வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். போன வருஷம் வாங்கினவர்கள் இப்போதே வந்து கேட்கிறார்களாம். இந்த முறை இரண்டு மடங்கு வேண்டும், அடுத்த தெருவில் தம்பி புதுக் கடை போட்டிருக்கிறான், அங்கேயும் வைக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டோம், துக்க வீடு, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். "கட்டத்தான கூடாது? செஞ்சா என்ன?"

எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

"அவசரமில்லம்மா. மெதுவா செய்ங்க."

கடை நிறையக் கூட்டம். நான் சாட்டின் ரிப்பன் சுருளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணாச்சி பயந்துபோய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, கடைப்பெண்ணை அனுப்பி சோடா வாங்கிவரச் செய்தார். குடித்துவிட்டு எழுந்தேன். அவசரம் இல்லை என்பதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, தேதி சொல்லுங்கள் என்றேன். அவர் யோசிப்பதற்குள் டிசம்பர் இருபது என்று நானே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேராக அந்த அறைக்குப் போனேன். கட்டில் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தரையின் கல் இடுக்கில் இன்னும் ஜிகினா கிடக்கிறது. எத்தனை முறை பெருக்கினாலும் வராது. வாசலில் நின்றபடியே, அத்தை, ஆர்டர் வந்திருக்கு, பெரிய ஆர்டர் என்று சத்தமாகச் சொன்னேன். அடுப்படியில் இருந்த ஆசீருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இது நிஜ ஆர்டர். அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். வியாபாரத்தில் நாணயம் முக்கியம்.